பை வைக்காத சட்டை

தண்டனையின் கடைசி நாளன்று தனசீலன் பை வைக்காத சட்டை போட்டுக்கொண்டு, வெறுங்கையோடு வந்தான். குடித்துவிட்டுக் கார் ஓட்டியதற்கு, சிறைக்குப் பதிலாக, படுத்த படுக்கையாகிவிட்ட ஒருவரைக் கவனித்துக்கொள்ளும்படி நீதிமன்றம் அவனை இந்த வீட்டுக்கு அனுப்பியிருந்தது. இன்று பீரோ இருந்த அறைப் பக்கமே அவன் போகவில்லை.

சாயங்காலம் அவருக்கு உடம்பு துடைத்து, புரட்டிப் படுக்கவைத்துவிட்டுக் கிளம்பினான். அவர் மனைவி சுகந்தி வெற்றிலைத் தட்டோடு வாசலில் நின்றாள். வெற்றிலை மேல் ஒரு தங்க மோதிரம்.

"அவரோடதுதாங்க தம்பி. வெச்சுக்கோங்க."

தனசீலன் ஓரடி பின்வாங்கினான். அவனைப் போலவே தண்டனை பெற்ற குமரகுருவுக்கும் கடைசி நாளில் ஒரு வீட்டில் இப்படித்தான் கைக்கடிகாரம் கொடுத்தார்கள். மறுநாளே திருட்டுப் புகார்; தண்டனையை நீட்டிவிட்டார்கள். இன்னமும் அதே வீட்டில்தான் மலச்சட்டி கழுவிக்கொண்டிருக்கிறான்.

"வேண்டாங்கக்கா."

"ஆசையாக் குடுக்கறேன், மறுக்காதீங்க."

நீதிமன்றம் மணிக்கட்டில் பூட்டியிருந்த வளையத்தின் பொத்தானை அழுத்தினான். அழுத்தினால்தான் பேச்சு பதிவாகும். கையை அவள் முகத்தருகே நீட்டினான்.

"நீங்களாத்தான் குடுக்கறீங்கன்னு இதுல ஒரு வார்த்தை சொல்லிடுங்கக்கா. வாங்கிக்கறேன்."

சுகந்தி வளையத்தைப் பார்த்தாள். திரும்பிக் கட்டிலைப் பார்த்தாள். தட்டை அவள் கீழே இறக்கவில்லை.

"நாளைக்கு இவரை யாருங்க தம்பி புரட்டிப் படுக்க வெப்பாங்க?"