யாரும் குறை சொல்லாத சீட்

“சார், சீட் சுவிட்சை மாத்தணும்.”

கூட்டத்தில் அந்தப் பேச்சையே எடுக்காதே என்று அந்த இளம் இன்ஜினியரிடம் அவளுடைய சீனியர் முன்பே தலைதலையாய் அடித்துக்கொண்டிருந்தார். புது சின்ன டிராக்டரில் எதையெல்லாம் வைப்பது என்று காலையிலிருந்து பேசியதில், ஸ்பீக்கரும் போன் சார்ஜரும் ஏற்கெனவே தேறிவிட்டன.

மேனேஜர் கொட்டாவியை விழுங்கினார். “ஆள் கீழ விழுந்தா இன்ஜின் தானா நிக்குது. இன்னும் என்னம்மா வேணும்?”

“ஒல்லியானவங்க உட்கார்ந்தாலும் நிக்குது சார். ஆளே இல்லன்னு நினைச்சுக்குது.”

“யாரும் குறை சொல்லலையே!” சுவரிலிருந்த பழைய மாடலின் விளம்பரப் படத்தைக் காட்டினார். “அதுலயும் இதே சுவிட்ச்தான். அந்தம்மாவைப் பாரு, ஈர்க்குச்சி மாதிரி இருக்காங்க. நாள் பூரா ஓட்டினாங்க.”

“அவங்க எங்கம்மா சார். இன்ஜின் நின்னுக்கிட்டே இருந்துச்சுன்னு, நீங்க அனுப்பின போட்டோக்காரர்தான் சீட்ல மணல் மூட்டையைப் போட்டு அதுமேல உட்கார வச்சார். அப்புறம் அந்த வண்டியையே வாங்கினோம். அம்மாவும் அதே வழியில ஓட்டினாங்க. போன வாரம் தவறி விழுந்தாங்க. வண்டி நிக்கல; சீட்லதான் மூட்டை உட்கார்ந்திருக்கே! கால் மேல ஏறிடுச்சு.”

மேனேஜர் நெற்றியைத் தேய்த்தார். “பாவம்தான். அடுத்த மாடல்ல பார்ப்போம்.”

அந்தப் பதில் தெரிந்தேதான் வந்திருந்தாள். காலடியிலிருந்த பையைத் திறந்து, மணல் மூட்டையை எடுத்துத் தன் நாற்காலியில் வைத்தாள்.

“இனிமே என் இடத்துல இது உட்காரும் சார். வாயே திறக்காது.”

கதவைக்கூடச் சாத்தாமல் வெளியே நடந்தாள்.