பதினேழு புகார்கள்

“பதினேழு பேர், காரோ. நாலே நாள்ல உங்க வகுப்புல பதினேழு பேர் வந்து உங்க மேல புகார் சொல்லிட்டுப் போயிருக்காங்க.”

டீன் பெவர்லி டுட்ரா மஞ்சள் தாள்களை மேசைமேல் விசிறிபோல் விரித்தார். எதிரே காரோ மனூகியன் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாதி வகுப்பில் கூப்பிட்டு அனுப்பியிருந்ததால் கையெல்லாம் எழுதுபலகை மை.

அந்தச் சமுதாயக் கல்லூரியில், புதிதாகக் குடியேறியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தரும் பகுதிநேர ஆசிரியர் அவர். பீச் பழத் தொழிற்சாலையிலும் வான்கோழி வெட்டும் கூடத்திலும் முதுகொடிய நின்றுவிட்டு, கண் எரிய எரிய வந்து உட்காரும் பதினெட்டுப் பேர் அவருடைய மாணவர்கள்.

“இது போதாதுன்னு உங்க கற்றல் விளைவு அறிக்கை வேற இன்னும் வரல. என்ன கத்துக்கிட்டாங்க, அதை எப்படி அளந்து பார்த்தீங்க, எத்தனை பேர் தேறினாங்க. ஒரே ஒரு பக்கம். எல்லாரும் கொடுத்தாச்சு, உங்களோடது மட்டும் பாக்கி. திங்கக்கிழமை அங்கீகாரக் குழு வருது.”

“பன்னெண்டு மணி வரைக்கும் நேரம் இருக்கே, பெவர்லி.”

“இருக்கு. பன்னெண்டு அடிச்சும் வரலேன்னா ஜனவரி வகுப்பை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்.”

காரோவுக்கு இருந்ததே அந்த ஒரு வகுப்புதான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று நாற்பது.

பெவர்லி முதல் தாளை எடுத்தார். “குல்வந்த் கவுர். நீங்க ரொம்ப வேகமா பேசறீங்களாம்.”

“எப்போ பேசினேனாம்?”

“எப்போவா? செவ்வாய்க்கிழமை, பத்தரை மணிக்கு.”

“அதுக்கு நான் என்ன செய்யணுமாம்?”

“நடுநடுவுல மூச்சு விடணுமாம்.”

“நியாயம்தான்” என்ற காரோ, சட்டைப்பையிலிருந்து நாலாய் மடித்த காகிதம் ஒன்றை எடுத்துப் பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டார்.

“எபிஃபானியோ. புதன்கிழமை பாதிரியாரும் கழுதையும்னு ஒரு ஜோக் சொன்னீங்களாம். யாருக்கும் சிரிப்பு வரலையாம். இனிமே எங்க சிரிக்கணும்னு முன்கூட்டியே சொல்லிடணுமாம்.”

அதையும் குறித்துக்கொண்டார்.

“செங் ஹெர். திங்கக்கிழமை உங்க ஸ்வெட்டர்ல பூண்டு வாடை. ஜன்னலைத் திறந்து வைக்கணுமாம்.”

“ஸ்வெட்டரை மாத்தச் சொல்லிக் கேக்கலையா?”

“அப்படிக் கேட்டா மரியாதை இல்லையாம்.”

காரோவின் முகம் மலர்ந்துபோயிற்று. மீதிப் பதினாலு தாள்களையும் பெவர்லி வாசிக்க வாசிக்க, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி போட்டுக்கொண்டார். பெவர்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “என்ன எழுதறீங்க? பேரைக் குறிச்சு வச்சுப் பழிவாங்கப் போறீங்களா?”

“சேச்சே.”

“அப்ப வாயைத் திறந்து ஒரு சமாதானமாவது சொல்லுங்களேன்.”

“இப்ப முடியாது. கொஞ்சம் போகட்டும்.”

“இந்த ஜனங்களை எனக்குத் தெரியும், காரோ. எங்கப்பா அசோர்ஸ் தீவுலேருந்து வந்து இங்க மாடு கறந்தவர். முப்பது வருஷத்துல முதலாளிகிட்ட ஒரு குறை சொன்னதில்ல. அப்படிப்பட்டவங்களே பதினேழு பேர் வாயைத் திறக்கறாங்கன்னா, நீங்க அவங்களை என்ன பாடு படுத்தியிருக்கணும்?”

காரோ தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். “ஒதிலியான்னு ஒரு பொண்ணு வந்தாளா?”

“வரல. அவ ஒருத்திக்காவது நன்றி இருக்கு.”

காரோவுக்கு முகம் தொங்கிப்போயிற்று.

ஒதிலியா பழத் தொழிற்சாலைக்காரி. பதினாலு வாரத்தில் வகுப்பில் அவள் ‘சரி’ என்பதைத் தவிர வேறு வார்த்தை பேசியதில்லை. மேற்பார்வையாளன் அவளுடைய சாப்பாட்டு நேரத்தைப் பாதியாக வெட்டினபோதும் ‘சரி’ என்றுதான் சொல்லிவிட்டு வந்தாளாம், பாவம்.

மணி பதினொன்று ஐம்பத்தைந்து. பெவர்லி தாள்களை அடுக்கத் தொடங்கினார். “அறிக்கை இல்லைன்னு எழுதிக்கட்டுமா?”

அப்போது கதவை யாரோ தட்டினார்கள். வாசலில் ஒதிலியா நின்றிருந்தாள். கைப்பையை மார்போடு அணைத்திருந்தாள்.

“டீன் மேல ஒரு புகார் சொல்லணும். யார்கிட்ட சொல்லணும்?”

“நான்தாம்மா டீன்.”

“பரவால்ல. உங்ககிட்டயே சொல்றேன்.” மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். “நீங்க எங்க டீச்சரைக் கூட்டிக்கிட்டு வந்துட்டீங்க. பதினொன்னரை மணிக்கு. திருப்பிக் கொடுத்துடுங்க.”

“அஞ்சு நிமிஷத்துல அனுப்பறேன்.”

“இல்ல. இப்பவே.”

காரோ மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, காகிதத்தில் கடைசியாக ஒரு குறி போட்டார். மடிப்புகளை நீவி அதை டீன் முன்னால் வைத்தார்.

பதினெட்டுப் பெயர்கள், பதினெட்டுக் குறிகள். அவற்றுக்கு மேலே அச்சில் இரண்டு வரிகள் இருந்தன.

‘கற்றல் விளைவு: மாணவர் பழக்கமில்லாத ஓர் அலுவலகத்துக்குத் தனியாகச் சென்று, தம் குறை என்ன, அது எப்போது நடந்தது, என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றையும் ஆங்கிலத்தில் சொல்வார். அளக்கும் முறை: கேட்பவருக்கு இது தேர்வு என்று தெரிந்திருக்கக் கூடாது.’

“பரீட்சை நடத்தினவங்க, அதாவது உங்க கையெழுத்து மட்டும்தான் பாக்கி, பெவர்லி.”