முதல் பரிசு

விடுதிப் பள்ளியின் நூலக விழாவில், அதிகப் புத்தகங்கள் வாசித்ததற்கான முதல் பரிசு தன் மகள் நித்யஸ்ரீக்கு என்றதும் மோகனூரிலிருந்து வந்திருந்த சௌந்திரத்துக்குப் பெருமை தாங்கவில்லை.

"இந்தப் புள்ளையப் பாத்து எல்லாரும் கத்துக்கோணும்!" என்று மைக்கில் முழங்கினார் முதல்வர்.

கோப்பையோடு இறங்கி வந்தாள் மகள்.

"ஊட்டுல புத்தகத்தையே தொட மாட்டே. இங்க இத்தனை படிக்க ஏது சாமி நேரம்?"

"நாளெல்லாம் லைப்ரரியிலதான்மா உக்கார வெக்கறாங்க. மார்க் எடுக்காதவங்கள கிளாசுக்குள்ளயே உடறதில்லை. ரிசல்ட் கெட்டுப்போயிருமுன்னு பப்ளிக் பரீட்சைக்கும் பேர் அனுப்பமாட்டாங்களாமா."

சௌந்திரம் வாய் திறப்பதற்குள் முதல்வரே வந்துவிட்டார்.

"அம்மாவும் பொண்ணும் சேந்து நில்லுங்க. அட்மிஷன் நோட்டீசுல போடறதுக்கு ஒரு போட்டோ. கொஞ்சம் சிரிங்க."

சொன்னதைச் செய்தே பழகிய முகம், சௌந்திரத்தைக் கேட்காமலே சிரித்தது.