அங்குலத்துக்குப் பன்னிரண்டு

எட்னாவின் குதிரை வண்டி தெருமுனை திரும்பும்வரை சலோமா வாசலில் நின்று கையாட்டினாள். வண்டி மறைந்ததும் உள்ளே வந்து கத்தரியை எடுத்தாள்.

முன்னறையை அடைத்துக்கொண்டு, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய போர்வை. சின்னவள் லவினாவின் கல்யாணப் போர்வை. துண்டுத் துணிகளை இணைத்த மேல்பக்கம், நடுவில் பஞ்சு, அடியில் வெள்ளைத் துணி. மூன்றையும் சேர்த்துத் தைக்கத்தான் புதன்தோறும், காரும் மின்சாரமும் தொடாத ஆமிஷ் கிறிஸ்தவ சபைப் பெண்கள் எட்டுப் பேர் வந்து சட்டத்தைச் சுற்றி உட்காருகிறார்கள். தைத்து முடிந்த பகுதியை அடுத்த புதனுக்குள் சலோமா சட்டத்தில் சுருட்டிவிடுவாள்.

எட்னா தைத்த இடத்தில் சலோமா அடிக்கோலை வைத்தாள். அங்குலத்துக்கு ஐந்து தையல். அதுவும் ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே.

சலோமாவின் கணக்கு பன்னிரண்டு. அதற்குக் குறைந்ததை அவள் தையல் என்று ஒப்புக்கொள்வதில்லை. ‘கோழி கிளறினது’ என்பாள்.

“என்னம்மா பண்றே?” என்றாள் லவினா.

“பிரிச்சுத் தைக்கிறேன்.”

“எட்னாவோடதையா? பாவம்மா. பிஷப் பாத்தா இதுக்குப் பேர் தற்பெருமைன்னு சொல்லுவார்.”

“பெருமையாவது! சுத்தம்டி, சுத்தம். கல்யாணத்துக்கு முன்னூறு பேர் வருவாங்க. போர்வையைத் திருப்பிப் பாக்காத பொம்பளை அதுல ஒருத்தியாவது இருப்பாளா?”

அடுத்த புதன், எல்லாரும் போன பிறகு மறுபடி அடிக்கோலை வைத்தாள். அப்போதுதான் அந்த விசித்திரம் கண்ணில் பட்டது.

எட்னாவுக்கு இடப்பக்கம் மலிந்தா உட்கார்ந்திருந்தாள். ஊசி விஷயத்தில் சலோமா மனசுக்குள் பயப்படும் ஒரே ஆள். அவள் தையல் ஆறு! வலப்பக்கம் ஃபேனி. அவளும் ஆறு!

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எண்ணினாள். ஆறேதான்.

ஊசி மழுங்கிவிட்டதா? எடுத்துப் பார்த்தாள். இல்லை. ஜன்னல் வெளிச்சம் போதவில்லையா? அதே நாற்காலியில் உட்கார்ந்து தானே தைத்துப் பார்த்தாள். பன்னிரண்டு வந்தது.

மூன்றாம் புதன் ஏதோ சாக்குச் சொல்லி எட்னாவை எதிர்வரிசைக்கு மாற்றினாள். மலிந்தாவும் ஃபேனியும் ஒழுங்காகப் பன்னிரண்டுக்குத் திரும்பிவிட்டார்கள். எட்னாவின் புதுப் பக்கத்துக்காரிகள் இரண்டு பேரும் ஆறு!

“என்னடி இது, அம்மை மாதிரி ஒட்டிக்குது!” என்றாள் லவினாவிடம்.

எல்லாவற்றையும் பிரித்தாள். எல்லாவற்றையும் பன்னிரண்டாக்கினாள். ஆனால் மண்டைக்குள் குடைச்சல் நிற்கவில்லை. வரும் புதன் போர்வையைச் சட்டத்திலிருந்து கழற்றி, எல்லாருமாக விரித்துப் பார்க்கும் நாள். அதற்குள் தெரிந்தாக வேண்டும். செவ்வாய் காலையே மலிந்தா வீட்டுக்கு நடந்தாள்.

மலிந்தா பீட்ரூட் ஊறுகாய் போட்டுக்கொண்டிருந்தாள். மணிக்கட்டுவரை சிவப்பு.

“மலிந்தா, மறைக்காமச் சொல்லு. உன் கண்ணு நல்லாத்தானே இருக்கு?”

“அந்த மேட்டுல மேயுற மாடு யாரோடதுன்னு சொல்லணுமா?”

“அப்போ ஏன் ஆறு?”

மலிந்தா கத்தியைக் கீழே வைத்தாள். “எண்ணினியா?”

“எண்ணினேன். எட்னா பக்கத்துல உக்காந்தா எல்லாருக்கும் ஆறு. அதென்ன கணக்கு?”

“வேணும்னுதான் போடறோம். அவளோடது தனியாத் தெரியக் கூடாதுல்ல?”

“தெரிஞ்சா என்ன?”

“உன் மூத்தவ கல்யாணப் போர்வை ஞாபகம் இருக்கா? ஒன்பது வருஷமாச்சு. கழட்டி விரிச்சப்போ எட்னா குனிஞ்சு, தான் தைச்ச இடத்தைத் தேடினா. ஒரு தையல்கூட இல்ல. அப்புறம் ரெண்டு குளிர்காலம் யார் வீட்டுக்கும் வரல.”

“குதிரைக்குக் கால் சரியில்லன்னு சொன்னாளே?”

“சொன்னா. நீயும் நம்பினே. புருஷன் இல்ல, புள்ள இல்ல. புதன்கிழமையையும் எடுத்துட்டா அவளுக்குப் பேச்சுத்துணை அந்தக் குதிரைதான். நாங்க எவ்வளவு கெஞ்சிக் கூட்டிட்டு வந்தோம் தெரியுமா?”



“மலிந்தா… இந்தத் தடவையும் பிரிச்சுட்டேன்.”

“எவ்வளவு?”

“முழுக்க.”

மலிந்தா தொட்டிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்தாள். துடைத்தாள். ஆணியில் தொங்கிய ஊசிப்பையை எடுத்தாள்.

“வா. போற வழில ஃபேனியையும் கூப்பிட்டுக்கலாம். சாயங்காலத்துக்குள்ள அவ இடத்தையெல்லாம் பழையபடி ஆக்கிடலாம்.”

“அதெப்படி மலிந்தா? அவ கை மாதிரியே உங்களுக்குத் தைக்க வருமா? நாளைக்கு அவ கண்டுபிடிச்சுட்டா?”

“ஏழு வருஷமா நீ கண்டுபிடிச்சியா?” என்றாள் மலிந்தா, கதவைத் திறந்தபடி. “ஒவ்வொரு வீட்டுலயும் நீ கிளம்பினதும், உன்னோடதைப் பிரிச்சுட்டு அவ கை மாதிரித்தானே தைச்சிட்டிருக்கோம்!”