முழு இருட்டு

அந்த ஆள் மறுபடியும் வந்திருந்தான். அதே நீலச் சட்டை, கையைப் பிடித்தபடி அதே சிறுமி. டிக்கெட் வரிசையில் நின்றாலும் கண் மட்டும் குகை வாசலிலேயே இருந்தது.

வழிகாட்டிப் பெண் சட்டென்று குனிந்து தலைக்கவசங்களை அடுக்கத் தொடங்கினாள். அவை ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தன.

"பாத்தியா?" மேனேஜர் பின்னால் வந்து நின்றார். "போன வாரமும் வந்தான். அதுக்கு முன்னாடியும் வந்தான். இவன் குகையப் பாக்க வரலம்மா. உன்னப் பாக்க வர்றான்."

"குழந்தையோட வந்திருக்காரு சார்."

"குழந்தைய இழுத்துட்டு வந்தா யோக்கியனா? பாத்த கல்லையே திரும்பத் திரும்பப் பாக்கறதுக்கு இது என்ன சினிமாவா?"

அது நியாயமான கேள்விதான். பெரிய கேளிக்கைப் பூங்காவின் கூட்டத்துக்கும் விலைக்கும் பயந்து ஓடிவரும் குடும்பங்களுக்கான இடம் இது. ஒரு சுண்ணாம்புக் குகை, ஒரு குட்டி மீன் காட்சியகம், ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள ஒரு பழைய ரயில் எஞ்சின். ஒரு விடுமுறைக்கு ஒரு தடவை பார்த்தால் தாராளம்.

"உனக்குத் தெரிஞ்ச ஆளா? இப்பவே சொல்லிடு."

"இல்ல சார்."

"தெரிஞ்சவன்னு தெரிஞ்சா வேலை போயிடும். கல்யாணமாகாத பொண்ணுங்களாப் பாத்துத்தான் எடுக்கறேன். எதுக்கு? புருஷனுக்குச் சோறு, புள்ளைக்குக் காய்ச்சல்னு சீசன்ல லீவு கேக்க மாட்டீங்க, இங்கேயே தங்கிடுவீங்கன்னு. நீங்க என்னடான்னா வர்றவனோட சிரிச்சுப் பேசி காதல்னு வந்து நிக்கறீங்க. உனக்கு முன்னாடி இருந்தவ அப்படித்தான் போனா."

அவருக்கு மூன்று பிள்ளைகள். அவரை வேலைக்கு எடுத்தபோது அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

"நானும் உள்ள வர்றேன். உன்மேல கை வச்சான்னா அங்கேயே பிடிச்சுடறேன்."

"வேண்டாம் சார். நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்துக்கறதத்தான் நானும் பாக்கப் போறேன்."

அவள் வரிசையில் ஒவ்வொருவருக்காகத் தலைக்கவசம் கொடுத்தாள். "இங்க சறுக்கு இல்லையாப்பா?" என்று ஒரு பையன் சிணுங்கினான். "அங்க போய் வாந்திதானடா எடுத்த. நட," என்றார் அவன் அப்பா.

சிறுமியின் முறை வந்தது. வழிகாட்டி சின்னத் தலைக்கவசத்தை மாட்டி, இடது காதுப் பக்கத்து வாரை மட்டும், குழந்தை கேட்காமலே தளர்த்திவிட்டாள். நீலச் சட்டைக்காரன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அவளும் நிமிரவில்லை.

உள்ளே பாதி வழியில் மேனேஜர் எல்லாருக்கும் கேட்கும்படி, "சரிம்மா, எனக்கு ஆபீஸ்ல வேலை இருக்கு," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். அவருடைய பளபளப்பான ஷூக்களின் சத்தம் தேய்ந்து மறைந்தது. அவள் மூச்சு விட்டாள்.

கடைசி அறைக்கு வந்து கூட்டத்தைப் பார்த்துத் திரும்பியபோதுதான் கவனித்தாள். கூட்டத்துக்குப் பின்னால் இருந்த பாறைத் தூணுக்கு இந்தப் பக்கம் பளபளப்பான ஷூ முனை ஒன்று தெரிந்தது.

"அவ்வளவுதாங்க," என்றாள் அவசரமாக. "வெளிய போகலாம்."

"என்னம்மா அவ்வளவுதான்?" சறுக்கு கேட்ட பையனின் அம்மா விடவில்லை. "விளக்க அணைச்சு முழு இருட்டு காட்டுவோம்னு போர்டுல போட்டிருக்கே. அதுக்குத்தான இவ்வளவு தூரம் வந்தோம்."

"இன்னிக்கு சுவிட்ச் கொஞ்சம் சரியில்லங்க."

"இந்தா, சுவிட்ச் இங்க இருக்கு. நானே அணைக்கட்டுமா?" என்றார் பையனின் அப்பா.

தூணோரம் ஷூ முனை லேசாக அசைந்தது. இனி மறுத்தால் மறுத்ததற்கே காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

"நானே அணைக்கறேன்," என்றாள். "ஆனா யாரும் பேசக் கூடாது. இங்க குசுகுசுன்னு சொன்னாக்கூட எல்லாருக்கும் கேக்கும். யாரும், ஒரு வார்த்தைகூட." சொல்லும்போது முதல் தடவையாக நீலச் சட்டைக்காரனை நேருக்கு நேர் பார்த்தாள். அவன் சிறுமியின் தோளைத் தேடிக் கையை நீட்டினான். சிறுமி அங்கே இல்லை.

அதற்குள் பையனின் அப்பா விளையாட்டாக சுவிட்சைத் தட்டிவிட்டார்.

கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றாக இருக்கும் இருட்டு. யாரோ ஒருவர் சிரிப்பை அடக்கினார். எங்கோ ஒரு சொட்டு விழுந்தது.

வழிகாட்டியின் விரல்களை ஒரு கை வந்து பிடித்தது. அவள் உதறவில்லை. அது பேசுவதற்குள் வாயைப் பொத்த மற்றொரு கையால் தடவினாள். கைக்குத் தலைக்கவசம்தான் அகப்பட்டது.

"அம்மா, அந்த மேனேஜர் போயிட்டாரா?"