ஈரப் பலகை

மேய்ச்சல் தரை மத்திய அரசின் கையிலிருந்து மாநில அரசின் கைக்கு மாறியதும், வேலியோரப் பலகையைத் திருத்த பெயிண்டர் இசக்கி வந்தான். இனி உள்ளே விடுவார்கள் என்ற நினைப்பில் சடச்சியும் ஆடுகளோடு வந்து நின்றாள், பாவம். ‘மத்திய’ போய் ‘மாநில’ வந்தது. கீழ்வரிக்கு இசக்கி இன்னும் கெட்டியாகக் கறுப்படித்தான்: ‘அந்நியர் நுழையக் கூடாது.’

“ஏலே, அத அழிக்கலையா?”

“மேல ஒரு சொல்லத்தான் மாத்தச் சொன்னாவ, யக்கா. கீழ உள்ளது இவுகளுக்கும் வேணுமாம்.”

“எங்க அப்பன் வெட்டுன ஊருணி உள்ள கெடக்கு. நான் இவுகளுக்கும் அந்நியமா?”

“என்னயக் கேட்டா?”

சடச்சி திரும்பி நின்று, ஈரம் காயாத அந்த வரிமேல் முதுகை அழுத்திச் சாய்ந்தாள்.

“ஐயோ, சேல போச்சே யக்கா!”

“போவட்டும். ஆட்டுக்குத் தண்ணி காட்டணும்.”

கம்பியை மிதித்துத் தாழ்த்தினாள். முதலில் ஆடுகள் தாண்டின, பிறகு அவள். முதுகு நிறைய எழுத்து, கண்ணாடியில் பார்த்த மாதிரி இடம் வலம் மாறி. தூரத்தில் காவலாளி விசிலடித்தான், கத்தினான். அவள் திரும்பவில்லை. ஊருணி வரைக்கும் அந்த முதுகுதான் அவனைப் பார்த்துக்கொண்டே போனது.