தாமரையைக் கலைத்த பல்லி

கேமரா முன்னால் யார் வந்து நின்றாலும் எதிர்ச் சுவரில் ஒரு தாமரை விரிய வேண்டும். டிஜிட்டல் ஓவியம் படிக்கும் மதிவதனி மாதக்கணக்கில் கோடிங் எழுதி அதை விரிய வைத்திருந்தாள்.

பேராசிரியர் பார்க்க வந்த நேரம், ஒரு பல்லி யார் கண்ணிலும் படாமல் லென்ஸ்மேல் ஏறி உட்கார்ந்தது.

"வயித்தை எடுய்யா, எனக்கு ஒண்ணும் தெரியலை" என்றது கேமரா.

"இரு, கொசு சிக்கப்போகுது" என்றது பல்லி.

சுவரில் தாமரை கிழிந்து, நடுங்கி, சாம்பல் புள்ளிகளாகச் சிதறியது. பேராசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இயந்திரத்தோட துக்கம்! எப்படிம்மா யோசிச்சே?"

"அதுதான் சார் என் கான்செப்டே" என்றாள் மதிவதனி, கூசாமல்.

"நாளைக்குக் கண்காட்சியிலயும் இதே துக்கம் வரணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். கொசுவை விழுங்கிய பல்லியும் போய்விட்டது.

மதிவதனி கோடிங்கை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தாள். தாமரை ஒவ்வொரு முறையும் லட்சணமாக விரிந்து தொலைத்தது.

"பாவம்யா, போய் உதவி பண்ணேன்" என்றது கேமரா.

பல்லி மெனக்கெட்டு இறங்கி வந்தது. லென்ஸில் கால் வைப்பதற்குள் துடைப்பம் பறந்து வந்தது.

"சீ! என் படைப்பையே நாசம் பண்ணப் பார்க்குதே!"

சீலிங்குக்கு ஓடிய பல்லி அங்கிருந்து கத்தியது: "அடியே, நான் இல்லாம அது வராது!"

மதிவதனிக்கு 'ச்சு ச்சு ச்சு' என்று மட்டும் கேட்டது. விரலால் மேசையைத் தட்டிக்கொண்டாள்.

"பல்லியே சொல்லிடுச்சு. இந்தத் தடவை கண்டிப்பா வரும்" என்று மறுபடியும் கோடிங்கைத் திறந்தாள்.